உஷார்! உப்புக்காற்றில் கிடந்த காருக்கு அடியில் படுக்கும் முன்

மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு பக்கம் வீட்டு வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி நீங்களே ஸ்பானர் பிடிப்பவரா? செகண்ட் ஹாண்டில் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ் என்று ஒன்றைப் பிடித்து, ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தி, ரீமேப் போட்டு ஈசிஆரில் ஓட்டிப் பார்க்கும் ஆசையா? கோவையிலோ பெங்களூரிலோ ஒருவர் யூடியூபில் செய்து காட்டும் வேலையை அப்படியே இங்கே செய்யாதீர்கள். இங்கே அது ஆளைக் கொல்லும்.

காரணம், நம் உப்பு. சோற்றுக்குப் போடும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால்தான் தானாக நீர்க்கும். உப்பளப் பாத்தியில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் உச்சி வெயிலில்கூட ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தக் கசப்பு நீர்த் துளி வண்டியின் அடியில் ஒட்டிவிட்டால் இரவும் பகலும் ஈரமாகவே கிடந்து இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். மேலே கழுவித் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தாலும் அடியில் அரிப்பு நிற்காது.

இந்த வண்டிகளில் எதுவும் இனி புதிதாகக் கிடைக்காது என்பதையும் கவனியுங்கள். போலோ 2022இல் நின்றுபோனது. ஃபியட் இங்கே கார் விற்பதையே விட்டுவிட்டது. உங்கள் கைக்கு வருவது பல வருடம் ஓடிய வண்டிதான். அது இந்தக் கரையிலேயே கிடந்திருந்தால் 2020இல் நிவர் புயலையும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலையும் பார்த்திருக்கும். வாங்கும்போதே சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சந்தேகப்படுங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், சீட் ஓடும் தண்டவாளத்தையும் விடாதீர்கள்.

எனக்கு இருக்கும் பெரிய பயம் ஜாக்கி. கதவுக்குக் கீழே தகட்டை மடித்து வெல்டு வைத்த விளிம்பில்தான் ஜாக்கி வைக்கிறோம். அதன் பின்னால் இருப்பது வெற்றுப் பெட்டி. தண்ணீர் வடியும் துளைகளில் சேறு அடைத்தால் உப்புநீர் உள்ளேயே தேங்கி, தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். பழைய ஓனர் பட்டி போட்டு, மேலே கறுப்பு அண்டர்கோட்டிங்கும் அடித்திருந்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஜாக்கி ஏறும்போது சின்னதாக ஒரு நொறுங்கல் சத்தம் கேட்கும். அப்போது சுமார் ஒரு டன் இரும்புக்கு அடியில் நீங்கள் படுத்திருக்கக் கூடாது. தூக்குமுன் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அந்த விளிம்பு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். சத்தம் மந்தமாகும் இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். இறங்கினால் அங்கே ஜாக்கி வைக்கவே கூடாது, டிங்கரிங் கடைக்கு விடுங்கள்.

நம் வாசலோ மணல். ஜாக்கியின் அடி ஒரு பக்கம் புதைந்தால் வண்டி சாயும். கனமான பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் முட்டுக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், தம்பிகளே. அவை வளைந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் தூளாகும். இரும்பு ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகாதீர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு ஆள் இருக்கட்டும்.

அடுத்து பிரேக். அடியில் ஓடும் இரும்புக் குழாயைக் கிளிப்பு பிடித்திருக்கும் இடத்தில்தான் உப்பு தங்கும். கிளிப்பை விலக்கிப் பாருங்கள். குழாயில் குழி விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பற்றவைப்பதும், நடுவில் ரப்பர் ஹோஸ் கொடுத்து ஒட்டுப்போடுவதும் தற்கொலை. குழாய் வெடிப்பது வாசலில் மெதுவாக மிதிக்கும்போது அல்ல, மாடு குறுக்கே வந்து முழு பலத்தோடு மிதிக்கும் அந்த ஒரு தடவையில். துருப்பிடித்த நிப்பிளை உடனே திருகாதீர்கள். துரு இளக்கும் ஆயிலை முந்தின நாள் இரவே அடித்து ஊறவிடுங்கள்.

ஸ்பிரிங் மாற்றுகிறீர்களா? அமுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் தாடை உடையும். ஸ்பிரிங் கம்ப்ரெஸரின் மரையில் துரு இருந்தால் அதைத் தொடாதீர்கள். கயிறு, கம்பி கட்டி அமுக்குவது வேண்டவே வேண்டாம். தாழ்த்திய வண்டியில் ஏர் ஃபில்டரை பம்பருக்குள் இறக்கி வைப்பதும் ஆபத்து. மழையில் தேங்கிய தண்ணீரை இன்ஜின் உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றும் வேலை எந்த ஊரிலும் தப்பு. இங்கே அது தீ. உப்பீரம் செம்பைப் பச்சையாக்கி, உறைக்குள் ஏறும். இணைப்பு சூடாகும். 55 வாட் பல்புக்குப் போட்ட வயரில் 100 வாட் பல்பு மாட்டினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்சாரம் ஓடும். தனி ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், பசையுள்ள சுருங்கும் குழாய் ஆகிய மூன்றும் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ரீமேப்? ஜிடி டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்து வரும்போது 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பழைய மாடல்களில் இருந்த ஏழு கியர் டிஎஸ்ஜி தாங்குவதற்குக் குறித்த அளவே 250. அதற்குள் அடக்கினாலும் அரித்த பிரேக்கோடு கூடுதல் வேகம் எதற்கு? சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே வருடத் திருத்தச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கிளெய்மை மறுக்கவும் கூடும். வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது.

வேலைக்கு முன் வண்டியைக் கழுவும் தண்ணீரைக் கொஞ்சம் வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்த போர் தண்ணீரை அடியில் பீய்ச்சாதீர்கள், உப்பின்மேல் உப்பு சேரும். நல்ல தண்ணீரால் சக்கர வளைவுகளையும், கதவுக்கடித் துளைகளையும் அலசிக் காயவிட்டு, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

வேலை முடிந்த வண்டியை நேராக ஈசிஆருக்கு ஏற்றாதீர்கள். ஊருக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து முறை அழுத்தி பிரேக் பிடித்துவிட்டு, நிறுத்தி, டார்ச் அடித்து நாலு சக்கரத்துக்குப் பின்னாலும் பாருங்கள். ஒரு சொட்டு ஆயில் தெரிந்தாலும் வண்டி அங்கேயே நிற்கட்டும். சக்கர போல்ட்களை ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிச் சரிபாருங்கள்.