கறுக்காத வாழைக்காயும் முகச் சீரமும்

வாழைக்காயை நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போட்டுவைப்பது நம் சமையலறைப் பழக்கம். மறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் துண்டுகள் கறுத்துவிடும். காயில் உள்ள ஒரு நொதி காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்குவதுதான் காரணம். மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கிவைக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் புளிப்போடு வைட்டமின் சியும் சேர்ந்து காயை வெளுப்பாகவே வைத்திருக்கும்.

நம் தோலிலும் இதற்கு உறவான ஒரு நொதி உண்டு. அதன் பெயர் டைரோசினேஸ். காயின் நொதியைப் போலவே இதுவும் செம்பு அணுக்களின் துணையோடு இயங்குகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவது இதனால்தான். முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரம் இந்த நொதியைத்தான் மட்டுப்படுத்துகிறது.

அப்படியானால் எலுமிச்சைச் சாற்றையே முகத்தில் தேய்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதன் புளிப்பு தோலுக்கு மிகக் கடுமை. அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கி, மாதக்கணக்கில் மறையாத கருந்தடத்தை விட்டுச்செல்லும்.

சீரம் என்பது என்ன? எண்ணெய்ப் பசையைக் குறைத்து, வேலை செய்யும் மருந்துப்பொருளைக் கூட்டிய மெல்லிய திரவம். அது கடக்க வேண்டிய மேல்தோல் ஏடு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. ஆனாலும் அது கறாரான காவல்காரன். 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு எளிதில் உள்ளே போகாது என்று 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு விதியை முன்வைத்தார்கள். வைட்டமின் சி 176, நியாசினமைட் 122, வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் 286. இவை நுழையக்கூடியவை. கொலாஜனோ லட்சக்கணக்கான டால்டன். அதைப் பூசினால் மேலே ஈரப்பதமாக நிற்குமே தவிர, உள்ளே போய்ச் சுருக்கத்தை நிரப்பாது. பெரிய மூலக்கூறான ஹயலூரோனிக் ஆசிட்டும் மேலேயே தங்கி நீரைப் பிடித்துவைக்கும். நாள் முழுக்க ஏர்கான் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

இனி நம் தோலின் குணத்தைப் பார்ப்போம். கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நம் தோலில் அவை செய்யும் நிறமிப் பொட்டலங்கள் பெரியவை, எண்ணிக்கையிலும் அதிகம். வெயிலிலிருந்து இது நம்மைக் காக்கும் கவசம். ஆனால் தோல் எரிந்தாலும், உரிந்தாலும், பருவைக் கிள்ளினாலும் இந்தச் செல்கள் பதறிப்போய் இன்னும் நிறமியைக் கொட்டும். பரு போன இடத்தில் கரும்புள்ளி நிற்பது இதனால்தான். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மூன்று வகைச் சீரத்தை ஒன்றாகப் பூசி முகத்தை எரியவிட்டால், கறையைப் போக்க வாங்கிய பொருளே புதுக் கறையைப் போட்டுவிடும். நம் தோலுக்கு நல்ல சீரம் என்றால் முதலில் அது எரியக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கடைக்குப் போகும்போது புட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் அதிகம் உள்ளது முதலிலும் குறைவாக உள்ளது பின்னாலும் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். இங்கே ஓர் எளிய அடையாளம் உண்டு: பினாக்ஸிஎத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருளை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. வைட்டமின் சி என்று பெரிதாக அச்சிட்ட புட்டியில், அஸ்கார்பிக் ஆசிட் அதற்குப் பின்னால் வந்தால் அது பேருக்குத்தான் இருக்கிறது.

வைட்டமின் சி தோலுக்குள் போக எவ்வளவு புளிப்பு வேண்டும் என்பதை டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு 2001-இல் அளந்து சொன்னது. பி.எச். அளவு 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை. வைட்டமின் சியும் ஈயும் உள்ள சீரத்தில், அரிசித் தவிட்டில் இருக்கும் ஃபெருலிக் ஆசிட்டும் சேர்ந்தால் வெயிலிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு இரட்டிப்பாகிறது என்று 2005-இல் அதே குழு காட்டியது.

அந்தப் புளிப்பு தாங்காதவர்களுக்கு நியாசினமைட் நல்ல தோழன். அது நிறமி உருவாவதைத் தடுப்பதில்லை. உருவான பொட்டலங்கள் மேல்தோல் செல்களுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. 2002-இல் வெளியான ஆய்வு இதை விளக்கியது. நான்கைந்து சதவீதம் போதும். பெரும்பாலும் எரியாது. முதன்முதலாகச் சீரம் வாங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

என் மேசையில் இரண்டு வைட்டமின் சி புட்டிகள் இருக்கின்றன. புதியதில் தண்ணீர் போன்ற தெளிவு. சன்னலோரம் மறந்து வைத்த பழையதில் தேத்தண்ணீர் நிறம். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டு அது கெட்டுப்போயிற்று. நம் ஊர்ச் சூட்டில் காருக்குள் வைத்த புட்டிக்கும் இதே கதிதான். கருங்கண்ணாடிப் புட்டியாக, சிறியதாக வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வையுங்கள். பழுப்பானால் வீசிவிடுங்கள்.

மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள் ஒவ்வொன்றையும் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.யிடம் அறிவித்திருக்க வேண்டும். அறிவிப்பு எண் என்.ஓ.டி. என்று தொடங்கி கே என்று முடியும். அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தட்டிப் பாருங்கள். பெட்டியில் உள்ள எண் வேறொரு பொருளுடையதாகவும் இருக்கலாம். எண் இருப்பதால் பொருள் பலன் தரும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. யார் பொறுப்பு என்பது தெரியும், அவ்வளவுதான்.

சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிடும் தடைப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருபவை பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு. பாதரசமும் டைரோசினேஸை முடக்கும். ஒரு வாரத்தில் முகம் வெளுத்ததுபோல் தெரியும். ஆனால் அது தோல் வழியே உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெயர் ஒட்டாத டப்பாவை யார் கொடுத்தாலும், சொந்தக்காரரே கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

பூசும் முறை எளிது. புதுச் சீரத்தை முதலில் காதுக்குப் பின்னால் மூன்று நான்கு நாள் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். முகம் கழுவி, இலேசான ஈரத்தில் மூன்று நான்கு சொட்டு. மேலே ஈரப்பதக் கிரீம். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். ரெட்டினால் என்றால் இரவில், தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு முறை. கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

காலையில் கடைசியாக சன்ஸ்கிரீன். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்றே பாகை வடக்கில் இருக்கிறது. நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் அல்ல, காரில் போகிறவருக்கும் சன்னல் கண்ணாடியை ஊடுருவி வெயில் வரும். சன்ஸ்கிரீன் இல்லாமல் சீரம் பூசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் சன்ஸ்கிரீனை வாங்குங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்திருங்கள். கன்னத்தில் படை பரவினால் சுகாதார கிளினிக்கில் கடிதம் வாங்கி, கோலாலம்பூர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். தொடங்கும் நாளில் சன்னலோரம் நின்று ஒரு படம் எடுங்கள். பன்னிரண்டாவது வாரம் அதே சன்னல், அதே வெளிச்சம், இன்னொரு படம். உங்கள் மாநிறம் மாறியிருக்காது. மாற வேண்டிய தேவையும் இல்லை. பரு விட்டுப்போன தடம் மங்கியிருந்தால் அந்தப் புட்டிக்குக் கொடுத்த வெள்ளிக்கு வேலை நடந்திருக்கிறது.