ஜப்பானிய விருந்தும் ராமநாதபுரத்துக் கடலும்

உணவு விடுதிக்குச் செல்பவர் தமக்கு இன்னின்னது வேண்டும் என்று கேட்டு வாங்கி உண்பதே எங்கும் உள்ள வழக்கம். ஜப்பான் தேசத்தில் இதற்கு மாறான விருந்து முறை ஒன்று உண்டு. அதற்கு 'ஒமகாசே' என்று பெயர். 'உங்களிடமே விட்டுவிட்டேன்' என்பது பொருள். உண்ண வருபவர் மரப் பலகையின் முன் அமருகிறார், ஒன்றும் கேட்பதில்லை. அன்றைய சந்தையில் முதல் தரமாயிருந்த மீனைச் சமையற்காரர் முன்னதாகவே தேர்ந்து வாங்கி வைத்திருக்கிறார். காடி கலந்த சோற்றைச் சிறு பிடியாகப் பிடித்து, அதன்மேல் மீனின் மெல்லிய துண்டு ஒன்றை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போகிறார். இந்தப் பிடிதான் 'சுஷி'. டோக்கியோ நகரில் ஜிரோ ஓனோ என்பவரின் கடையில் பத்துப் பேர்தான் உட்காரலாம். பிரெஞ்சு தேசத்து மிஷேலின் வழிகாட்டி, 2007-ம் ஆண்டில் வெளியிட்ட தன் முதல் டோக்கியோப் பதிப்பில் அக்கடைக்கு மூன்று நட்சத்திரம் என்ற தலையாய மதிப்பை அளித்தது. அங்கே ஒரு வேளை உண்பதற்கு 30,000 யென்னுக்கு மேல், அதாவது நமது நாணயத்தில் 15,000 ரூபாய்க்கு மேல் செலவாகும்.

இவ்விருந்து இப்பொழுது நமது தேசத்துப் பெருநகரங்களின் பெரிய ஹோட்டல்களுக்கும் வந்துவிட்டது. தனவந்தர் தம் பணத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனியாமல் இருப்பதற்கில்லை. இந்த ஹோட்டல்களில் பரிமாறப்படும் மீனில் ஒரு பகுதி ஜப்பானிலிருந்து ஆகாய விமானத்தில் வருவிக்கப்படுகிறது. மூன்று புறமும் கடல் சூழ்ந்த தேசத்தில் அயல்நாட்டு மீன் விமானமேறி வந்து இறங்குவானேன்? பாம்பனிலும் மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் விடியற்காலையில் கூடை கூடையாகக் கரையேறும் மீன் அந்தப் பலகைக்கு ஏன் போய்ச் சேரவில்லை? இக்கேள்விக்கு விடை தேடினால் ராமநாதபுரம் ஜில்லா மீனவரின் கஷ்டங்களில் பாதிக்குக் காரணம் விளங்கும்.

மீன் ஜாதியின் உயர்வு தாழ்வே காரணம் என்று சிலர் நினைக்கக்கூடும். அது முழு உண்மையன்று. சுஷி என்பதே ஏழைகளின் உணவாகப் பிறந்தது. தென்கிழக்கு ஆசியாவின் நதிக்கரைகளில், மீன் கெடாதிருக்கும் பொருட்டு உப்பிட்டுச் சோற்றுக்குள் புதைத்துப் புளிக்க வைத்தார்கள்; மீனை உண்டு சோற்றை எறிந்துவிட்டார்கள். அம்முறை ஜப்பானுக்குச் சென்று பல நூற்றாண்டுகளில் உருமாறிற்று. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று டோக்கியோ என வழங்கும் எதோ நகரத்தில், தெருவோரத் தள்ளுவண்டிகளில் வழிப்போக்கர் நின்றபடி வாங்கித் தின்ற பண்டமே இன்றைய சுஷி. சூரை மீனின் கொழுத்த வயிற்றுப் பாகத்தை அக்காலத்தில் விரும்புவாரில்லை. விரைவில் கெடுவதால் பூனைகூடத் தாண்டிச் செல்லும் என்று ஜப்பானியர் பரிகசித்தார்கள். 2019-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில், டோக்கியோவின் தொயோசு சந்தையில் நடந்த புத்தாண்டு ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு விலை போயிற்று. விளம்பரத்துக்காக ஏற்றிய விலை என்று தள்ளுபடி செய்தாலும், பூனை தாண்டிய மீன் இந்நிலைக்கு உயர்ந்தது சாதாரண விஷயமன்று.

அதை உயர்த்தியது பனிக்கட்டியும் பக்குவமும். சூரை மீனின் உடற்சூடு, அது நீந்தும் கடல்நீரின் சூட்டைவிட அதிகம். தூண்டிலில் சிக்கி நெடுநேரம் போராடினால் அச்சூடு மேலும் ஏறி, தசையில் புளிப்பு ஊறி, சிவந்த சதை வெளிறிப்போகும். அம்மீன் பச்சையாக உண்பதற்கு உதவாது. ஆகையால் ஜப்பானிய மீனவர் மீன் கைக்கு வந்த மாத்திரத்தில் மூளையில் ஓர் ஊசியை ஏற்றிக் கணத்தில் கொல்லுகிறார். இரத்தத்தை வடித்து, முதுகெலும்பு நாடியில் கம்பியைச் செலுத்தி, உடனே பனிநீரில் அமிழ்த்துகிறார். நெடுந்தூரம் செல்லும் கப்பல்களில் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரிக் குளிரில் மீனை உறைய வைக்கிறார்கள். பச்சை மீனில் புழுக்கள் இருக்கக்கூடுமாதலால், பல மீன்களைக் கடுங்குளிரில் உறைய வைத்த பின்னரே பரிமாறுகிறார்கள். நமது மீனைக் கரையில் வாங்கி அப்படியே பச்சையாக உண்ணலாம் என்று எவரும் துணியலாகாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். ஆக, அந்த 15,000 ரூபாயில் பெரும்பகுதி நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை. சமையற்காரரிடம் 'உங்களிடமே விட்டுவிட்டேன்' என்று விருந்தினர் சொல்லும்போது, சமையற்காரர் சந்தை வியாபாரியிடமும், வியாபாரி படகுக்காரரிடமும் அவ்வாறே முன்னமே சொல்லியிருக்கிறார்கள்.

இனி நமது கரைக்கு வருவோம். ராமேசுவரத்து விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்களே கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு விடப்பட்டிருக்கின்றன. விசைப்படகு ஒரு பகலும் ஓர் இரவும் அடிமட்ட இழுவலையை இழுத்துவிட்டுத் திரும்பும். முக்கியமாகத் தேடுவது இறால். இறாலோடு நண்டு, கணவாய், காரல் என்று கலந்து வலையில் நெருங்கி நசுங்கி வருபவற்றில் நல்லவற்றைப் பொறுக்கியெடுத்தபின் எஞ்சுவதைச் 'சங்காயம்' என்பார்கள். அது உலர்ந்து தீவனமாகப் போகிறது. நல்ல சரக்கும் கவலையற்று இல்லை. வலைக்கும் எண்ணெய்க்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர் பிடித்ததை அவரிடமே கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார். பக்குவமாகக் கொண்டுவந்தாலும் அலட்சியமாகக் கொண்டுவந்தாலும் விலை ஏறத்தாழ ஒன்றேயானால், பனிக்கட்டிக்கு எவர் பணம் செலவிடுவார்?

நமது கணவாயும் நண்டுச் சதையும் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா முதலிய தேசங்களுக்குச் செல்லுகின்றன. எனினும் அவை அங்கே பாம்பனின் பெயராலோ மண்டபத்தின் பெயராலோ அறியப்படுவதில்லை. பெயரற்ற மூலப்பொருளாகவே போகின்றன. பருத்தியைக் கொடுத்துத் துணியை வாங்கிய காலத்தை எதிர்த்துச் சுதேசி இயக்கம் நடத்திய நாம், மீனைக் கொடுத்துவிட்டு விருந்தை அயலாரிடம் விடுவதைக் கவனியாதிருப்பது விந்தையே.

இதைச் சர்க்கார் அறியாமலில்லை. 2017-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி, பிரதம மந்திரி ராமேசுவரத்துக்கு வந்தபோது, பாக் நீரிணையின் இழுவலைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை பிடிக்கும் நீண்ட தூண்டில் படகுகளை வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. மூன்றாண்டில் 2,000 படகுகள். படகொன்றுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய சர்க்கார் 50 சதவீதமும் மாகாண சர்க்கார் 20 சதவீதமும் கொடுக்கும். வங்கிக் கடன் 20 சதவீதம். மீனவர் பங்கு 10 சதவீதம். நோக்கம் மிக நன்று. பாக் நீரிணை ஆழமற்றது. இழுவலை அதன் அடித்தரையைச் சுரண்டிவிட்டது. எல்லையைத் தாண்டுவோர் இலங்கைக் கடற்படையிடம் சிக்கிச் சிறைப்படுகிறார்கள், படகை இழக்கிறார்கள். அக்கரையில் வலை அறுந்து வருந்துவோரும் தமிழ் மீனவரே என்பதை நாம் மறக்கலாகாது. இலங்கைச் சர்க்கார் அதே 2017-ம் ஆண்டில் இழுவலையைச் சட்டத்தால் தடுத்தது.

ஆயினும் 2,000 என்ற இலக்கில் சிறு பகுதியே நிறைவேறிற்று. காரணங்கள் மறைவானவையல்ல. ஓரிரவில் திரும்பிப் பழகியவர் பல நாட்கள் ஆழ்கடலில் தங்க வேண்டும். தூண்டில் தொழில் வேறு, இழுவலைத் தொழில் வேறு. கடனும் பங்கும் சேர்ந்து 24 லட்சம் ரூபாய் மீனவர் தலையில் விழுகிறது. இவ்வளவையும் தாங்கிப் பிடித்து வரும் சூரைக்கு உயர்ந்த விலை கிடைப்பது உறுதியாயிருந்தால் அவர் துணிந்து இறங்குவார். இரத்தம் வடிக்கத் தெரிந்த கைகளும், போதிய பனிக்கட்டியும், தரம் பார்த்து ஏலம் விடும் துறையும் இல்லாத இடத்தில் அந்த உறுதி எங்கிருந்து வரும்? படகு மட்டும் கொடுத்தால் போதாது. படகுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் வேண்டும்.

மீனோடு சுஷிக்கு வேண்டிய மற்றொரு பண்டம் கடற்பாசி. 'நோரி' என்னும் பாசித்தாளில்தான் சோற்றைச் சுருட்டுகிறார்கள். நோரிப் பாசியின் வித்து கோடையில் எங்கே மறைகிறது என்பது ஜப்பானியருக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. சிப்பி ஓட்டுக்குள் அது வேறு வடிவில் வாழ்கிறது என்பதை 1949-ம் ஆண்டில் இங்கிலாந்தின் காத்லீன் ட்ரூ பேக்கர் என்ற அம்மையார் கண்டு வெளியிட்டார். அதன்பின் நோரி வேளாண்மை பெருந்தொழிலாயிற்று. தம் தேசத்தைக் கண்ணாலும் கண்டிராத அவ்வம்மையாருக்கு ஜப்பானிய மீனவர் 1963-ல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

நமது கரையிலும் பாசி உண்டு. அதை எடுக்கும் பெண்களும் உண்டு. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயரிட்டு அழைக்கும் பாசிகளை, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கிறார்கள். 'அகர்' முதலிய கூழ்ப்பொருள்கள் செய்ய அவை ஆலைக்குப் போகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு இப்பெண்களின் தொழிலுக்கு இடையூறு வந்தது. அவர்களோ கடலின் நன்மைக்காக மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே விதி செய்துகொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்தி என்ற பாம்பன் அம்மையார் 2015-ல் 'சீகாலஜி' என்னும் சர்வதேசப் பரிசைப் பெற்றார். 2023-ல் ராமநாதபுரம் ஜில்லா வலமாவூரில் 127 கோடி ரூபாய்ச் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. அதன் லாபத்தில் முதல் உரிமை இப்பெண்களுடையது என்பதே நம் அபிப்பிராயம்.

நமக்கு என்று ஒரு கடல் விருந்து இல்லையோ என்றால், இருக்கிறது. கடலோரத்து வீடுகளில் இன்று என்ன குழம்பு என்று எவரும் கேட்பதில்லை. கடல் எதைக் கொடுத்ததோ அதுவே குழம்பு; சூடை கிடைத்தால் சூடை, ஓரா கிடைத்தால் ஓரா, சுறாக் குட்டியானால் புட்டு. அடுப்படியில் இருப்பவரிடம் நம்பி விட்டுவிடும் இவ்வழக்கம் ஒமகாசே அன்றி வேறென்ன? அதற்கு ஜப்பானில் கௌரவம். இங்கே அதற்குப் பெயர்கூட இல்லை. ஆயினும் நல்ல அடையாளம் ஒன்று தோன்றியிருக்கிறது. தொண்டிக்குத் தெற்கே காரங்காடு கிராமத்தில் வன இலாகாவும் ஊராரும் சேர்ந்து அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு நடத்துகிறார்கள். வருவோருக்கு அவ்வூர்ப் பெண்கள் அவ்வூர்க் கடலின் மீனையும் நண்டையும் சமைத்துக் கொடுக்கிறார்கள். உண்பவர் கண்ணெதிரே கடலும் சமைப்பவரும் இருக்கிறார்கள். பணம் கிராமத்தில் தங்குகிறது. ராமேசுவரம் தீவுக்கு ஆண்டு முழுவதும் திரளாக வரும் ஜனங்களுள் மீன் உண்போர் பலர். அவர்களுக்கு இத்தகைய இடங்கள் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஏற்பட்டால் என்ன கெட்டுவிடும்?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது உஷ்ண தேசங்களுக்கு நிபுணர் சொல்லும் கணக்கு. சூடு புகாத பெட்டியும் அந்த அளவு பனிக்கட்டியும் நாட்டுப்படகு வரையில் கிடைக்கும்படி செய்ய வேண்டும். இறங்குதுறைகளில் தரம் பிரித்து ஏலம் விட வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் முன்பணம் கொடுத்து வியாபாரியின் பிடியைத் தளர்த்த வேண்டும். மீனைப் பக்குவப்படுத்தும் பயிற்சியை மண்டபத்திலேயே தொடங்கலாம். கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1971-ல் தன் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்ட போதிலும், அதன் கிளை இங்கே உண்டு. கடல் விரால் மீனை நமது தேசத்திலேயே முதன்முதலாக 2010-ல் குஞ்சு பொரிக்கச் செய்தவர்கள் அவர்களே. அறிவுக்குக் குறைவில்லை, அது கரையிலிருந்து படகுக்குள் இறங்க வேண்டும்.

ஜப்பானிய சமையற்காரர் தம்மிடம் வந்த மீன் எந்தத் துறையிலிருந்து வந்தது என்று சொல்லிப் பரிமாறுகிறார். அதைக் கேட்டு உண்பவர் மகிழ்ந்து பணம் கொடுக்கிறார். சென்னையிலும் மதுரையிலும் மீன் வாங்கும் நாமும் அவ்வாறே கேட்கப் பழகுவோமாக. இது எந்தத் துறை மீன், பனிக்கட்டியில் வந்ததா, நாட்டுப்படகில் பிடித்ததா என்று பதினாயிரம் பேர் தினந்தோறும் கேட்டால், கடைக்காரர் வியாபாரியைக் கேட்பார். வியாபாரி படகுக்காரரைக் கேட்பார். பக்குவமாகக் கொண்டுவந்தவருக்கு விலை கூடும். அவ்விலை கூடிய நாளில், உயிரைப் பணயம் வைத்து எல்லை தாண்ட வேண்டிய அவசியம் ராமேசுவரத்து மீனவருக்குப் பெரிதும் குறையும்.