அடங்காத உண்ணலும் பேச்சு வைத்தியமும்

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, பசியில்லாத வேளையிலும், போதும் என்று தன் மனமே மன்றாடும்போதும் நிறுத்தவியலாமல் தனிமையில் உண்டு, பின்னர் வெட்கத்தாலும் வியாகூலத்தாலும் குன்றிப்போவாளானால், அவளைப் பெருந்தீனிக்காரி என்று ஏசிவிடுவது வீட்டாருக்கு எளிது. ஆனால் 1959-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநோய் மருத்துவர் எடுத்தெழுதிய இந்நிலை, 2013-இல் அந்நாட்டு மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் தனி வியாதியாகவே இடம் பெற்றது. உண்ட அளவு மட்டுமன்று, கை தன் வசத்தில் இல்லை என்ற அனுபவமே இதன் பிரதான லட்சணம்.

ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை, உணவு வேளைகளை ஒழுங்கு செய்து, உண்டதை உடனுக்குடன் குறித்துவைக்கச் சொல்வது. மற்றொரு மார்க்கம், ஜெரால்டு கிளர்மனும் மிர்னா வைஸ்மனும் மனச்சோர்வு நோய்க்காகக் கண்டது. உறவுகளில் நேர்ந்த பிணக்கு, இழப்பு, மாறுதல், தனிமை ஆகியவற்றைச் சீர்படுத்தினால் நோயும் தணியும் என்பது அதன் சித்தாந்தம். லாரா மஃப்சன் அதை இளம்பருவத்தினருக்கும், டெனிஸ் வில்ஃப்லி அடங்காமல் உண்ணும் பெரியோருக்கும் ஏற்பத் திருத்தினர். இவ்விரு திருத்தங்களையும் இணைத்துச் சிறுமியருக்கென்று அமைத்தவர் மேரிலாந்து மாநிலத்துப் பெதஸ்தாவில் பணிபுரியும் மேரியன் டனோஃப்ஸ்கி-கிராஃப்.

பெரியவர் ஒருவர் பொருந்தாத உறவை விட்டு விலகவும் கூடும்; சிறுமியோ அந்த வீட்டிலேயே, அந்தத் தாய் தந்தையருடனேயே வாழ்ந்தாக வேண்டும் என்பதால், இங்கே வைத்தியம் பெரும்பாலும் பேசக் கற்பிப்பதாகவே அமைகிறது. முதலில் சிகிச்சையாளரைத் தனியே சந்தித்து, வட்டங்களுள் வட்டமாக வரைந்து, நடுவில் தன்னையும் சுற்றிலும் நெருக்கத்திற்கேற்ப மனிதர்களையும் அவள் குறிக்கிறாள்; பிறகு, எந்தச் சச்சரவுக்குப் பின் கை உணவை நாடியது என்று இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். வாரமொரு முறையாகப் பன்னிரண்டு வாரம் கூடும் சிறு குழுவில், அம்மாவின் கோபம் தணிந்த நேரம் பார்த்துப் பேச்சைத் தொடங்குவதும், குற்றஞ்சாட்டாமல் தன் வருத்தத்தைத் தன் வருத்தமாகவே சொல்வதும், அம்மா தரப்பையும் புரிந்துகொண்டதாக முதலில் தெரிவிப்பதும் ஒத்திகை பார்க்கப்படுகின்றன. இந்த ஒத்திகையே இச்சிகிச்சையின் ஜீவன் என்று நான் கருதுகிறேன்.

12 முதல் 17 வயது வரையுள்ள 113 சிறுமியரிடம் நடத்தி, 2014-இல் வெளியான பரிசோதனையில், சுகாதாரக் கல்வி பெற்ற சிறுமியரின் எடையிலிருந்து பேச்சு வைத்தியம் பெற்ற சிறுமியரின் எடை வேறுபடவில்லை; கட்டுப்பாடிழந்து உண்பது இரு சாராரிடமும் குறைந்தது; ஆனால் ஓராண்டுக்குப் பின், அளவுமீறி உண்ணும் வேளைகள் பேச்சு வைத்தியம் பெற்ற சிறுமியரிடமே அதிகமாகக் குறைந்திருந்தன. எடைக்கருவியில் தெரியாத இப்பலனை அற்பமென்று தள்ளுவது, அந்தச் சிறுமி எதனால் துன்புற்றாள் என்பதையே மறப்பதாகும்.