கதிரவன் உதிக்கும் நாட்டில் காண வேண்டியவை

கதிரவன் உதிக்கும் நாடு என்று ஜப்பானை நாம் அழைக்கிறோம். அந்நாட்டு மக்கள் தம் நாட்டிற்கு வழங்கும் ‘நிப்போன்’ என்ற பெயரின் பொருளும் அதுவே. ஹொக்கைடோ, ஹான்ஷூ, ஷிகோகு, கியூஷூ என்னும் நான்கு பெருந்தீவுகளும் பல்லாயிரம் சிறு தீவுகளும் சேர்ந்ததே ஜப்பான். இயற்கை அந்நாட்டிற்கு அழகை அள்ளிக் கொடுத்தது. கூடவே எரிமலை, நிலநடுக்கம், சூறாவளி ஆகிய துன்பங்களையும் கொடுத்தது. கோயில்களையும் மாளிகைகளையும் அவர்கள் மரத்தால் கட்டியதால், நெருப்பும் ஓயாத பகையாயிற்று.

அப்படியிருந்தும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செல்வங்கள் அங்கே இன்றும் எப்படி நிலைத்திருக்கின்றன? இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு, வாருங்கள் தோழியரே, சில இடங்களை நாம் சுற்றிப் பார்ப்போம்.

ஃபூஜி மலை

ஜப்பானின் மிக உயர்ந்த சிகரம் ஃபூஜி. இதன் உயரம் 3,776 மீட்டர். கவிழ்த்து வைத்த விசிறி போல் பனி மூடித் தோன்றும் இம்மலை ஓர் எரிமலை; கடைசியாக 1707-ஆம் ஆண்டில் நெருப்பைக் கக்கியது. கோடைக்காலத்தில் மக்கள் ஏறி, உச்சியில் நின்று சூரிய உதயத்தைக் காண்கின்றனர். ஆனால் பெண்கள் உச்சிக்குச் செல்லக் கூடாது என்ற தடை 1872 வரை இருந்தது. அந்நாட்டின் மகளாகிய ஜுன்கோ தபெய் என்பவரே 1975-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதற் பெண்மணி என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

நாரா

எட்டாம் நூற்றாண்டில் தலைநகராக விளங்கியது நாரா. இதன் அருகேயுள்ள ஹோரியூஜி மடத்தின் கட்டடங்களே உலகில் இன்று நிலைத்து நிற்கும் மரக் கட்டடங்களுள் மிகப் பழையவை. ஐந்தடுக்குக் கோபுரம் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. நிலம் நடுங்கும்போது அதன் அடுக்குகள் விறைத்து நில்லாமல் சற்றே அசைந்து கொடுப்பதால்தான் அது விழவில்லை என்று பொறியியலார் கூறுவர்.

தோடாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் வீற்றிருக்கிறார். 752-ஆம் ஆண்டில் அச்சிலைக்குக் கண் திறக்கும் விழாவை நடத்தி வைத்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவியே! சிலையைச் சூழ்ந்த மண்டபம் 1180-லும் 1567-லும் போரில் எரிந்தது. இன்று நாம் காணும் மண்டபம் 1709-இல் முடிக்கப்பட்டது. வெளியே பூங்காவில் மான்கள் அச்சமின்றித் திரிந்து, வருவோரிடம் தின்பண்டம் கேட்டுத் தலை தாழ்த்துகின்றன.

கியோத்தோவும் ஈசேயும்

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராய் இருந்தது கியோத்தோ. அங்கே குளத்தின் கரையில் தன் நிழலைத் தானே பார்த்து நிற்பது பொன் மண்டபம். அதன் மேலிரு தளங்களும் பொன் தகட்டால் போர்த்தப்பட்டவை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அம்மண்டபத்தை 1950-இல் மனம் குழம்பிய இளந்துறவி ஒருவர் தீயிட்டு எரித்துவிட்டார். மக்கள் சோர்ந்து போகவில்லை. 1955-இல் அதே இடத்தில், அதே வடிவில் மண்டபம் எழுந்தது.

ஈசே என்னும் ஊரிலோ நெருப்புக்கும் காத்திராமல், தாங்களே கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகின்றனர். கதிரவத் தெய்வத்துக்குரிய அக்கோயில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் பழைய அளவு மாறாமல் எழுப்பப்படுகிறது. போர்க்காலங்களில் தடைப்பட்டதுண்டு, எனினும் ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம் மறையவில்லை. 2013-இல் நடந்தது 62-ஆம் முறை. முதிய தச்சர் உளி பிடிக்க, இளையவர் பார்த்துக் கற்கிறார். மரம் புதியது, கலை பழையது. நம் கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி இங்கே கிடைத்துவிட்டது.

ஹிரோஷிமா

1945 ஆகஸ்டு 6, காலை 8.15 மணி. உலகின் முதல் அணுகுண்டு வீச்சு இந்நகரின்மேல் நிகழ்ந்தது. அன்று சிதைந்த ஒரு கட்டடத்தை, கம்பிக் கூடாய் நிற்கும் அதன் குவிமாடத்தோடு அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே திருப்பிக் கட்டாமல் இருப்பதே பாதுகாப்பு. மறக்கக் கூடாததை மறக்காமல் இருப்பதற்காக.

குண்டு விழுந்தபோது இரண்டு வயதாயிருந்த சிறுமி சடாகோ சசாகி, பின்னர் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளானாள். காகிதக் கொக்குகள் ஆயிரம் மடித்தால் விருப்பம் நிறைவேறும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. மருத்துவமனையில் படுத்தபடியே கொக்குகளை மடித்தாள். 1955-இல், பன்னிரண்டாம் வயதில், மறைந்தாள். அவளுடைய பள்ளித் தோழர்கள் பணம் திரட்டத் தொடங்கினர். 1958-இல் அங்கே குழந்தைகளின் அமைதிச் சின்னம் எழுந்தது. நம் வயதுப் பிள்ளைகளின் முயற்சி அது! உலகெங்கும் இருந்து காகிதக் கொக்குகள் இன்றும் அங்கு வந்து குவிகின்றன.

நாகசாகி

அணுகுண்டுக்கு இலக்காகத் தேர்ந்தெடுத்த ஊர்களின் பட்டியலில் முதலில் கியோத்தோவும் இருந்தது. அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் அதை நீக்கச் செய்தார். அதன் இடத்தில் நாகசாகி சேர்ந்தது. ஆகஸ்டு 9-இல் அவ்வூரின் உரகாமி பகுதி சாம்பலாயிற்று.

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549-இல் ஜப்பானில் கால் வைத்து நற்செய்தி அறிவித்தார். 1597-இல் நாகசாகிக் குன்றின்மேல் 26 பேர் சிலுவையில் உயிர் நீத்தனர். அவர்களுள் ஒருவனான லூயிஸுக்கு வயது பன்னிரண்டுதான். 1614-இல் நாடெங்கும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருக்களும் இல்லை, ஆலயமும் இல்லை. ஆனால் தாய் சொல்ல மகள் கேட்டு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஞானஸ்நானத்தையும் ஜெபங்களையும் இரகசியமாய்க் காத்தனர். 1865 மார்ச் 17-இல், புதிதாய்க் கட்டிய ஓவுரா ஆலயத்துக்குச் சிலர் வந்தனர். ஒரு பெண்மணி அருட்தந்தை பெத்திஜானை நெருங்கி, தங்கள் விசுவாசமும் அவருடையதே என்று மெல்லச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாராம். 1873-இல்தான் தடை நீங்கியது.

அம்மக்களின் சந்ததியார் கட்டிய உரகாமி பேராலயமே அணுகுண்டில் இடிந்தது. இரட்டை மணிகளுள் ஒன்று உடைந்தது. மற்றொன்றை இடிபாட்டிலிருந்து எடுத்து அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒலிக்கச் செய்தனர். 1959-இல் பேராலயம் மீண்டும் எழுந்தது. உடைந்த மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் புதிய மணி அளிக்க, 2025 ஆகஸ்டு 9-இல் இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.

நம் கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. எரிந்ததை மீண்டும் கட்டிய கைகளும், கற்றதை அடுத்தவருக்குக் கொடுத்த மனிதர்களுமே அந்நாட்டின் செல்வங்களைக் காத்தார்கள். ஜப்பானுக்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிட்டலாம். ஆனால் பெரியோரிடம் கற்றதைக் காத்து, நமக்குப் பின் வருவோரிடம் சேர்க்கும் கடமை நம் அனைவருக்கும் உண்டு. அதைத் தவறாது செய்வோமாக!