கிறிஸ்துமஸ் ஒயின்: ராயபுரம் வீடுகளுக்கு கம்பம் திராட்சை ஏன்? வீட்டில் செய்தால் குற்றமா?

கிறிஸ்துமஸ் நெருங்கினாலே ராயபுரம் பக்கம் பன்னீர் திராட்சைக்கு மவுசு கூடிவிடும். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது இங்குதான். ரயில்வே வேலையை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கேக்கோடு சேர்த்து சிவப்பு ஒயினும் வீட்டிலேயே தயாராகும். அதற்கான பழம் வருவது தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து.

பன்னீர் வாசனை எங்கிருந்து வருகிறது?

உலகம் இந்தப் பழத்தை 'மஸ்கட் ஹாம்பர்க்' என்கிறது. பிரெஞ்சு பாதிரியார் ஒருவர் 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்கு சீசன் உண்டு. முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் கம்பத்தில் வருஷம் முழுக்க அறுவடை. அதனால்தான் கிறிஸ்துமஸுக்கும் பழம் தட்டுப்படுவதில்லை.

ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால், லினலூல் ஆகியவை இந்தப் பழத்திலும் இருக்கின்றன. பன்னீர் என்று பெயர் வைத்தவர்களுக்கு மூக்கு கூர்மை!

சிவப்பு எப்படி வருகிறது?

நிறம் தோலில்தான், சதை வெளிர் நிறம். அதனால் பழத்தை தோலோடு நசுக்கி, சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்து பீங்கான் ஜாடியில் புளிக்க விடுவார்கள். கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு போடுவதும் உண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே தள்ளும். லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1 சதவீத ஆல்கஹால். புளித்து முடியாததை பாட்டிலில் இறுக்கி மூடினால், அந்த வாயுவே பாட்டிலை வெடிக்க வைத்துவிடும்.

எதோடு சாப்பிடலாம்?

இது இனிப்பு ஒயின், துவர்ப்பு கம்மி. பிளம் கேக், ரோஸ் குக்கீஸ், கல்கல் எல்லாவற்றோடும் போகும். கேக்கின் இனிப்பு ஒயினின் இனிப்பைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். விண்டாலு மாதிரி காரமான கறிக்கும் ஓகே. ஆல்கஹால் கார எரிச்சலைக் கூட்டும், இனிப்பு அதை அடக்கும்.

ஆனால் காசிமேட்டு மீன்? அங்கேதான் சிக்கல். சிவப்பு ஒயினோடு கடல் உணவு சாப்பிட்டால் வாயில் கவிச்சி நாற்றம் தங்குவது ஏன் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் கண்டுபிடித்தார்கள். காரணம், ஒயினில் உள்ள இரும்புச்சத்து. வஞ்சிரம் வறுவலுக்கு எலுமிச்சை ஜூஸே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'மது' என்ற சொல்லில் ஒயினும் அடக்கம். பண்டிகைக்குத்தானே, வீட்டுக்குத்தானே என்ற சமாதானம் எடுபடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியானதும், தண்டனையைக் கடுமையாக்கி அதே மாதம் சட்டப்பேரவையில் திருத்தம் நிறைவேறியது. அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால். திராட்சை ஒயினை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் உரிமம் என்று வரும்போது சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கேரளாவில் 2019 டிசம்பரில் கலால் துறையே வீட்டு ஒயினுக்கு எதிராக சுற்றறிக்கை விட்டு எச்சரித்தது.

வேறு வழி என்ன?

பல வீடுகளில் இப்போது திராட்சையை பட்டை, கிராம்போடு கொதிக்க வைத்து வடிகட்டி, ஆல்கஹால் இல்லாத ஜூஸாக ஊற்றுகிறார்கள். கொதிக்க வைக்கும்போது ஈஸ்ட் செத்துவிடும். வாசனை கொஞ்சம் குறையும், அவ்ளோதான். ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் காலி செய்வது நல்லது. வெளியே வைத்தால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பித்துவிடும். சென்னை வெயிலுக்கு அது ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளாது.