கடனை ஏமாற்றினால் ஊருக்கே தடை!

1148-ம் ஆண்டு. வெஸலேயிலிருந்து புரோவான் சந்தைக்குக் கிளம்பிய நாணய மாற்று வியாபாரிகளை, சான்ஸ் நகரத்துப் பிரபு குடும்பத்துக்காரர் ஒருவர் வழிமறித்துப் பணத்தைப் பறித்துக்கொண்டார். ஷாம்பெய்ன் வட்டாரத்தை ஆண்ட இரண்டாம் திபோ கொதித்துப்போனார். பிரெஞ்சு மன்னர் சிலுவைப்போருக்குப் போயிருந்ததால், அவருக்குப் பதிலாக நாட்டைப் பார்த்துக்கொண்ட சூஜேவுக்குக் கடிதம் பறந்தது. பறிகொடுத்தவர்களுக்கு நஷ்டஈடு வேண்டும், இதை விட்டால் என் சந்தைகள் பாழ் என்பதுதான் அதன் சாரம்.

திபோவைப் பெரிய தர்மவான் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தை கூடினால்தான் அவருக்குச் சுங்கமும் வாடகையும் வரும். ஷாம்பெய்னில் மிளகு விளையவில்லை, பட்டும் நெய்யவில்லை. மலபார் மிளகு எகிப்து வழியாக வந்து, இத்தாலியர்களின் கோவேறு கழுதைகளில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியது. வடக்கே ஃபிளாண்டர்ஸிலிருந்து கம்பளித் துணி வந்தது. இரண்டு தரப்பும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. பயமில்லாத இடமாகத் தங்கள் ஊர்களை ஆக்கியதுதான் ஷாம்பெய்ன் பிரபுக்களின் சாமர்த்தியம்.

துருவா, புரோவான், லான்யி, பார்-சூர்-ஓப் ஆகிய நான்கு ஊர்களில் ஆண்டுக்கு ஆறு சந்தைகள், ஏறக்குறைய வருடம் முழுக்க, முறைவைத்து நடந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை மாதம் போல நீளும். முதல் வாரம் சரக்கை இறக்கிக் கடை பரப்ப. பிறகு துணிக்கு, தோலுக்கு, எடை போட்டு விற்கும் மிளகு போன்ற சரக்குக்கு என்று தனித்தனி நாட்கள். கடைசி நாட்கள் பற்றுவரவு தீர்க்க. அங்கே கைமாறியதில் காசைவிடக் கணக்கே அதிகம். தீராத பாக்கி அடுத்த சந்தைக்குத் தள்ளிப்போகும்.

பாக்கிக்காரர் கம்பி நீட்டினால்? சந்தைக் காவலர்கள் அவருடைய ஊர் நிர்வாகத்துக்கு ஓலை அனுப்புவார்கள். ஊர் அசையாவிட்டால், அந்த ஊர் வியாபாரிகள் யாருமே சந்தைக்குள் நுழைய முடியாது. ஒருவர் செய்த தப்புக்கு ஊரே தண்டனை அனுபவிப்பது அநியாயம்தான். ஆனால் தூரதேசத்து ஆளிடமிருந்து கடனை வசூலிக்க அந்தக் காலத்தில் இதைவிட வலுவான வழி இருந்ததாகத் தெரியவில்லை.

பின்னாளில் இந்தச் சந்தைகளும் தளர்ந்தன. 1277-ல் ஜெனோவாக் கப்பல்கள் ஜிப்ரால்டரைச் சுற்றிக் கடல்வழியே ஃபிளாண்டர்ஸை எட்டின. 1285-ல் ஷாம்பெய்ன் பிரெஞ்சு மன்னரின் கைக்குப் போனது. 1297-ல் அதே மன்னர் ஃபிளாண்டர்ஸ் மீது படையெடுத்தார். துணி வியாபாரிகளின் வரத்து அடிபட்டது. கடல்வழியைக்கூடச் சமாளித்திருக்கலாம், சந்தைக்குக் காவல் நின்ற ஆட்சியே வியாபாரிகளின் ஊர்மீது போர் தொடுத்ததுதான் பெரிய அடி.