உணரிக்கும் ஏட்டுக்கும் இடையே ஒரு துபாஷி

ஊசி மருந்துக் குப்பிகளை மூடும் ரப்பர் மூடிகள், நீராவிக் கலத்தினுள்ளே 121 பாகை வெப்பத்தில் 15 நிமிஷம் குறையாமல் இருந்தன என்பதற்கு, கலத்தைத் திறந்து மூடிகளைப் பார்த்து ஒருவரும் சாட்சி சொல்ல முடியாது. உள்ளே செருகிய உணரி கணந்தோறும் உரைத்ததும், அதைக் கணினி எழுதி வைத்ததுமே சாட்சியம். அந்த எழுத்தை நம்பித்தான் மருந்து ஆலையின் வாசலைத் தாண்டி நோயாளியின் உடம்பில் ஏறுகிறது.

ஆயின் உணரிக்குத் தெரிந்த பாஷை மின்னழுத்தம். பதிவு மென்பொருளுக்குத் தெரிந்த பாஷை எண். இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சிறு நிரலே டிரைவர் என்பது. கம்பெனி காலத்தில் துரைமாருக்கும் ஊராருக்கும் இடையே நின்ற துபாஷியின் உத்தியோகந்தான் அதற்கும். இத்தகைய உணரியான ‘கே’ வகை வெப்ப இணை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தரும். கம்பி வந்து சேரும் முனையின் வெப்பத்தையும் கணக்கிற் கூட்டினால்தான் உண்மை அளவு கிடைக்கும். புதிய டிரைவர் அந்தக் கூட்டலின் முறையைச் சற்றே மாற்றிவிட்டால், மணி ஒலிப்பதுமில்லை, திரை இருள்வதுமில்லை. 120 பாகை, 121 என்று அடக்கமாகப் பதிவாகிவிடும்.

இது வீண் அச்சமன்று. 1992 முதல் 1998 வரை மருத்துவச் சாதனங்கள் திரும்பப் பெறப்பட்ட 3,140 சந்தர்ப்பங்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆராய்ந்தபோது, 242 மென்பொருட் கோளாறால் நேர்ந்தவை என்றும், அவற்றுள் 192, சாதனம் வெளிவந்த பிறகு மென்பொருளிற் செய்த மாற்றங்களோடு புகுந்த பிழைகளால் விளைந்தவை என்றும் தெரிந்தது. மின்னணு ஆவணங்களுக்கென அந்நிர்வாகம் 1997-ல் வெளியிட்ட ‘பகுதி 11’ விதிகள், அங்கே மருந்து அனுப்பும் நம் நாட்டு ஆலைகளையும் கட்டுப்படுத்துகின்றன.

ஆகவே விவேகமுள்ள ஆலையில், கணினி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியை முதலில் அடைத்துவிடுகிறார்கள். புதிய பதிப்பு வந்தால், அதன் அவசியத்தையும் அபாயத்தையும் ‘சேஞ்ச் கண்ட்ரோல்’ படிவத்தில் எழுதி, தரப் பிரிவின் சம்மதம் பெற்று, பழைய அமைப்பை முழுதும் நகலெடுத்து வைத்து, உற்பத்தியிற் சேராத வேறொரு கணினியில் புதிய பதிப்பை நிறுவி, காலிபிரேட்டரிலிருந்து அளவு தெரிந்த மின்னழுத்தத்தைச் செலுத்தி, பழைய டிரைவரும் புதிய டிரைவரும் கூறும் எண்களை ஒப்பிட்டு, கையொப்பமும் தேதியும் இட்ட பின்னரே உற்பத்திக் கணினியைத் தொடுகிறார்கள்.

அப்படியானால் பழையதையே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாகாதா எனில், அதுவும் இயலாது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. அதை நம்பியிருந்த கணினிகள் பாதுகாப்பில் ஓட்டை விழுந்தாலும் அடைப்பாரின்றி நிற்கின்றன. பழுதான கருவிக்குப் பதிலாக வாங்கும் புதுக் கருவியோ பழைய டிரைவருக்குப் பிடிபடாமற் போகலாம். மாற்றம் தோஷமன்று; ஏட்டில் ஏறாத மாற்றமே தோஷம்.

பல வருஷம் கழித்து ஒரு பரிசோதகர் வந்து அந்தப் பழைய ஏட்டைப் புரட்டும்போது, 121 என்ற எண்ணை அவர் ஐயுறுவதில்லை. அன்று அதை மொழிபெயர்த்த துபாஷி எந்தப் பதிப்பு, அவனைப் பரீக்ஷித்தவர் யார் என்றே கேட்கிறார்.